செருப்பை மட்டும் விட்டுவிட வேண்டும்

1

"பீரோ நகையைத் தொடாத! துணி, சர்டிபிகேட், ஆஸ்பத்திரிச் சீட்டு. மூணும் வந்துடுச்சுன்னா கிளம்பு!"

காலியக்கா முகமூடிக்குள்ளிருந்து கத்தினாள்.

(கத்தவில்லை. மூன்றாவது மாடி, பட்டப்பகல், எதிரில் ஆள் இருக்கும் வீடு. இப்படிப்பட்ட இடத்தில் கத்துகிறவள் இந்தத் தொழிலில் ஒரு வாரம் தாங்க மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். என்ன செய்ய, தொடர்கதை எழுதிப் பழகிய கை. முதல் வரியில் யாராவது கத்தினால்தான் எனக்கு இரண்டாவது வரி வரும்.)

படுக்கையறைத் தரையில் மண்டியிட்டிருந்த டிரைவர், ஒரு பெட்ஷீட்டின் நான்கு முனைகளையும் இழுத்து முடிச்சுப் போட்டாள். டிரைவர் என்றாலும் பெண்தான். நாற்பதைத் தாண்டியவள். அவள் வேனைவிட அவள் வாய் வேகம். இருவருக்கும் நீலக் கோட்டு, ரப்பர் கையுறை, முதுகில் மருந்து டாங்கி. கீழே நிற்கும் வேனில் 'பூச்சி ஒழிப்பு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அந்த வீட்டுப் பெண். ஐந்து மாதக் கர்ப்பம். இடது காதுக்குக் கீழே மஞ்சளாகிப்போன ஒரு பழைய காயம். அதன்மேல் ஒரு புது நீலம்.

அவளுடைய கணவன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாலும் வருவான், வராமலும் இருப்பான். அவன் வருவதற்குள் அவள் இந்தப் படிகளை இறங்கியாக வேண்டும். பணயம் இவ்வளவுதான். இனி நான் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

2

இந்தக் கதை ஒரு செருப்பில் தொடங்கியது.

நான் குடியிருந்த கட்டடத்தில் ஒரு வீட்டு வாசலில் ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பு கிடந்தது. நாள் போகப் போக அதில் தூசி ஏறியது. பிறகு ஒரு சிலந்தி குடிவந்தது. அந்த வீட்டுக்காரர் தினமும் அதைத் தாண்டிப் போனார், தாண்டி வந்தார். ஒருநாளும் அதைக் காலால்கூடத் தள்ளவில்லை. அவர் மனைவி கண்ணில் படவே இல்லை. ஆனால் வாசலில் செருப்பு இருந்தால் ஆள் உள்ளே இருப்பதாகத்தானே அர்த்தம்? அதனால் யாரும் கேட்கவில்லை.

என் பிழைப்புக்கு உடனே தோன்றியது கொலைதான். எழுதிப் பார்த்தேன்.

'செருப்பின் வாரில் உறைந்திருந்த அந்தக் கறையை இன்ஸ்பெக்டர் விரல் நுனியால்…'

(வேண்டாம். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.)

'அவளை அவன் முதன்முதலாகப் பார்த்தபோது மழை…'

(சத்தியமாக வேண்டாம்.)

பிறகு வேறு பக்கம் யோசித்தேன். அவள் சாகவில்லை என்றால்? செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லி அவளுக்கு யாரோ யோசனை கொடுத்திருந்தால்? ஒருத்திக்கு மட்டுமல்ல, பல பெண்களுக்கு அதே யோசனையைச் சொல்லிச் சொல்லி அதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருத்தி இருந்தால்?

அப்போதுதான் முதுகில் டாங்கியோடு காலியக்கா எழுந்து நின்றாள்.

3

தொழிலைச் சொல்கிறேன்.

அடி தாங்க முடியாத பெண் போன் செய்வாள். நம்பர் ஒரு நர்ஸிடமிருந்தோ, ஒரு டீச்சரிடமிருந்தோ, வாய்வழியாக வந்திருக்கும். டிரைவர்தான் எடுப்பாள். "எங்க வீட்டுல பூச்சித் தொல்லைங்க." "சின்னப் பூச்சியா, பெரிய பூச்சியா?" "பெருசு." அவ்வளவுதான். பெரிய பூச்சி என்றால் ரெண்டு கால் பூச்சி.

கணவன் வேலைக்குப் போன பிறகு வேன் வரும். வராந்தாவில் கொஞ்சம் நிஜ மருந்தையே அடிப்பார்கள். அந்த நெடிக்கு அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் தானாகச் சாத்திக்கொள்ளும். மூட்டையைத் தூக்கி வந்தாலும் சந்தேகம் வராது. மருந்து அடிக்கிற வீட்டில் துணிமணியை வெளியே எடுப்பது வழக்கம். முகமூடி போட்டிருப்பதால் முகமும் யாருக்கும் நினைவில் நிற்காது. வீட்டைக் காலி செய்து கொடுக்கிறவள் என்பதால் காலியக்கா. பெயர் வைத்தது டிரைவர்.

கடைசியாக ஒரு விதி. போகிற பெண் தினமும் போடுகிற செருப்பு வாசலிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற ஆம்பளை முதலில் பார்ப்பது அதைத்தான். செருப்பு இருந்தால், உள்ளே எங்கேயோ இருக்கிறாள் என்று நினைப்பான். கூப்பிடுவான். குளிக்கிறாள் என்று காத்திருப்பான். அந்த நேரத்துக்குள் வேன் ஊர் எல்லையைத் தாண்டிவிடும்.

4

வாரப் பத்திரிகைகளில் ஒரு பக்கம் வரும், பார்த்திருப்பீர்கள். நடுவயதுப் பெண், முதல் பத்தியில் கண்ணீர், இரண்டாவது பத்தியில் சொந்தக் கார், மேலே கைகட்டிச் சிரிக்கிற போட்டோ. அந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவே ஒரு வெள்ளை இடம் இருக்கிறதே, அங்கேதான் அவள் செத்துப் பிழைத்திருப்பாள். அதை யாரும் அச்சடிப்பதில்லை.

காலியக்காவின் வெள்ளை இடம் இது.

அவள் புருஷன் குடிகாரன் இல்லை. நிதானமாக இருக்கும்போதே அடிப்பான். உப்பு குறைந்தால் தட்டு சுவரில் போய் மோதும். அப்புறம் அழுவான். காலைப் பிடிப்பான். மறுநாள் புடவை வாங்கி வருவான். பெற்றவள், மாமியார், அண்ணன், நெற்றியில் தையல் போட்ட டாக்டர் எல்லோரும் பேசிவைத்தது மாதிரி ஒரே வசனம்தான் சொன்னார்கள். "பையன் தலையெடுக்கட்டும். அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

பொறுத்தாள். பையனுக்காகப் பொறுத்தாள். பையன் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலையெடுத்தான். முதல் வேலை கிடைத்த கையோடு ஒரு மதியம் ஆட்டோவில் வந்து இறங்கினான். "கிளம்பும்மா." அவனே அவள் துணிகளை ஒரு பெட்ஷீட்டில் கொட்டி முடிச்சுப் போட்டான். வாசலில் அவள் செருப்புக்குள் காலை நுழைத்தபோது தடுத்தான். "செருப்பை விட்டுட்டு வாம்மா. அப்பா வாசலைத்தான் முதல்ல பாப்பாரு. அது இருந்தா நீ உள்ள இருக்கேன்னு நெனச்சுப்பாரு." வெறுங்காலோடு ஆட்டோவில் ஏறினாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தெட்டு.

(பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வாசகிகள் கடிதம் போடுவார்கள். எனக்கே அவனைப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தக் கதைக்கு அவன் இவ்வளவு போதும். ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்துத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டேன். எப்போதாவது ஒரு ஞாயிறு பழத்தோடு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான்.)

அதற்குப் பிறகு ஒரு பூச்சி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தாள். ஆம்பளைகளுக்கு டாங்கி, அவளுக்குத் துடைப்பம். துடைத்துக்கொண்டே மருந்து கலக்கக் கற்றாள். பழைய டாங்கி ஒன்றைத் தேற்றித் தனியாகத் தொடங்கினாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. விடாத இருமல் வந்தது. சொந்தக் கார் வரவில்லை.

ஒருநாள், மருந்தடிக்கப் போன ஒரு வீட்டில் அந்த வீட்டுக்காரி சமையலறை மூலையைக் காட்டுவது மாதிரிக் குனிந்து, அவள் காதருகே கேட்டாள். "உங்க வேன்ல ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

இரண்டாவது தொழில் பிறந்தது இப்படித்தான். டிரைவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை.

5

இன்றைய வீட்டுக்கு வருவோம்.

போன் வந்தபோது காலியக்கா குழாயடியில் டாங்கி கழுவிக்கொண்டிருந்தாள். டிரைவர் முகவரியைப் படித்தாள்.

"இன்னொரு தடவை படி."

படித்தாள்.

"ரொம்ப தூரம்க்கா. வேணாம்னா வேற யாராவது பாத்துக்கட்டும்னு சொல்லிடவா?"

"வேற யாரு இருக்கா?"

(இந்த இடத்தில் அவள் மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதினேன். இடியும் மின்னலுமாக இருந்தது. படித்துப் பார்த்தால் பொய். ஒரு வாக்கியத்தைத் தவிர எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். தப்பிய வாக்கியம்: கழுவிய டாங்கியையே மறுபடியும் கழுவினாள்.)

மூன்றாம் மாடிக்கு முதலில் ஏறியவள் காலியக்கா. டிரைவர் கீழே வேனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. உள்ளே இருந்த பெண்ணுக்கு முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்ததும் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டென்று கதவைச் சாத்தப் பார்த்தாள். காலியக்கா காலைக் குறுக்கே வைத்தாள்.

இது புதிதில்லை. வேன் வாசலுக்கு வந்த பிறகு பயந்து பின்வாங்கும் பெண்கள் நிறைய.

"பயப்படாத. நான் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"நீங்க சொல்லிடுவீங்க."

"யாருகிட்ட?"

அந்தப் பெண் கதவைப் பிடித்த பிடியை விடவில்லை. காலியக்கா முகமூடியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். வழியை விடு. நேரம் இல்ல."

படியில் டிரைவரின் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

6

"பீரோல என்ன?" என்றாள் டிரைவர்.

"என் சர்டிபிகேட்டெல்லாம் உள்ள இருக்கு. சாவி அவருகிட்ட. எங்க வைக்கிறாருன்னே எனக்குத் தெரியாது."

காலியக்கா வரவேற்பறைக்குப் போனாள். செருப்பு அடுக்கின் அடித்தட்டில் கிடந்த பழைய ஷூவைத் தலைகீழாகத் தட்டினாள். சுருட்டிய சாக்ஸ் விழுந்தது. சாக்ஸுக்குள் சாவி.

டிரைவர் விசிலடித்தாள். "அக்காவுக்கு எல்லா ஆம்பளையும் அத்துப்படி! இந்த மாதிரி ஒரு மூக்கு போலீஸ்ல இருந்தா நாடு எங்கயோ போயிருக்கும்."

"எல்லா ஆம்பளையும் ஒரே இடத்துலதான் ஒளிப்பான்," என்றாள் காலியக்கா. (அப்படியா? என் அனுபவத்தில் இல்லை. ஆனால் தடுத்துக் கேட்க நேரமில்லை.)

சமையலறைச் சுவரில் குழம்பு வழிந்து காய்ந்த கறை இருந்தது. தேய்த்திருக்கிறார்கள். போகவில்லை. காலியக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உப்பு கம்மியா?"

"ம்."

"அப்புறம் அழுவானே?"

"கால்ல விழுந்து அழுதாரு. எங்க அப்பா மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருக்குன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. எனக்கே பாவமாயிடுச்சு."

"இந்தப் பாவத்துலதான் பாதிப் பேர் சாகுறாளுங்க," என்றபடி டிரைவர் மூட்டையைத் தூக்கினாள். "ஏம்மா, இத்தனை நாள் யாருகிட்டயும் வாயைத் திறக்கலையா?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, நேராகக் காலியக்காவைப் பார்த்தாள்.

"ஒருத்தங்ககிட்ட சொன்னேன். எல்லாம் பட்டவங்க, புரிஞ்சுப்பாங்கன்னு நெனச்சேன். கழுத்தைக்கூடக் காட்டினேன். 'கோவம் வந்தா அப்படித்தான், மனசு தங்கம், கொழந்தை பொறந்தா சரியாயிடும், கொஞ்சம் பொறுத்துக்கம்மா'ன்னு சொன்னாங்க."

"யாரு அந்தப் புண்ணியவதி? அவ வாயில மருந்தடிக்கணும்!"

"அடிக்கணும்தான்," என்றாள் காலியக்கா.

வராந்தாவில் ஒரு கதவு கிறீச்சிட்டது.

(தொடர்கதையாக இருந்தால் இங்கே 'தொடரும்' போட்டு உங்களை ஒரு வாரம் தவிக்க விட்டிருப்பேன். அடுத்த வாரம் பார்த்தால் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவனாக இருப்பான். அந்த மோசடியெல்லாம் இன்றைக்கு வேண்டாம்.)

எதிர்வீட்டம்மா. முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். "ஏம்ப்பா, புள்ளத்தாச்சி இருக்கிற வீடு. மருந்து அடிக்கலாமா?"

டிரைவர் முழித்தாள். காலியக்கா முழிக்கவில்லை.

"அதான்மா, முதல்ல அவங்களைக் கீழ கூட்டிட்டுப் போறோம். நெடி அடங்குற வரைக்கும் வேன்ல உக்காரட்டும்."

"நல்ல காரியம். அந்தத் தம்பி சொல்லித்தான் வந்தீங்களா? தங்கமான பையன். பெத்த அம்மான்னா அவனுக்கு உசுரு, எப்பப் பாரு அவங்க பேச்சுதான். என்ன, அப்பப்ப உள்ள சத்தம் கேக்கும். டி.வி.ன்னு நெனச்சுப்பேன்."

"டி.வி. இருக்கா இந்த வீட்டுல?" என்றாள் டிரைவர்.

எதிர்வீட்டம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூட்டை இறங்கியது. சர்டிபிகேட் உறை இறங்கியது. அந்தப் பெண், டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு படி இறங்கினாள். கடைசியாகக் காலியக்கா மட்டும் வாசலில் நின்றாள். அந்தப் பெண்ணின் பழுப்பு நிறச் செருப்பைக் கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடியும் எடுத்தாள். பிறகு குனிந்து, முன்பக்கம் கதவைப் பார்க்கிற மாதிரி, உள்ளே போனவள் கழற்றி விட்ட மாதிரியே ஜோடி சேர்த்து வைத்தாள்.

7

என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

ஒன்று. அவன் மாடிப்படியில் எதிரே வருகிறான். கைகலப்பு. காலியக்கா குழாயைத் திருப்பி அவன் முகத்தில் மருந்தைப் பீய்ச்சுகிறாள். 'உன்னை மாதிரிப் பூச்சிகளுக்கு…' (நிறுத்து. இந்த வசனத்தை எத்தனை கதையில் விற்றுவிட்டேன்.)

இரண்டு. சில வருடங்கள் கழித்து ஒரு மேடை. காலியக்காவுக்கு விருது. கைதட்டுகிற கூட்டத்தில் கைக்குழந்தையோடு அந்தப் பெண். குழந்தை சிரிக்கிறது. மைக்கில் காலியக்கா, 'நம்மால் முடியும்' என்று… (முடியும். ஆனால் எதைக் கொடுத்து என்று மைக்கில் யாரும் கேட்பதில்லையே.)

இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

ஒரு கேள்வியை மட்டும் உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அந்தச் செருப்பைக் காலியக்கா தொழில் பழக்கத்தில், கை போன போக்கில் வைத்தாளா? இல்லை, தெரிந்தே வைத்தாளா? எழுதிய எனக்கே தெரியாது. கேள்வி இப்போது அர்த்தமில்லாமல் தோன்றும். கடைசி வரியைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, இந்த இடத்தில் நின்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

8

வேன் ஊர் எல்லையைத் தாண்டியது. நெடுஞ்சாலை. டிரைவர் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் காலியக்காவும் அந்தப் பெண்ணும். காலியக்கா முகமூடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? காலையிலிருந்து அந்தப் பெண் காலியக்காவை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. அக்கா இல்லை, அம்மா இல்லை, மேடம்கூட இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியையே இறங்குவதற்குள் சித்தியாக்கிவிடுகிற வாய் நமக்கு. பாதி நாள் முறை வைக்காமல் பேசுவது லேசான வேலையா? அது அவள் வேலை இல்லை, என் வேலை. அந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து பிடுங்கி ஒளித்து வைத்திருந்தேன். பழைய சாக்ஸுக்குள் சாவி மாதிரி.

திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

காலியக்காவின் மடியில் போன் அடித்தது. திரையைப் பார்த்த அந்தப் பெண்ணின் கை வயிற்றுக்குப் போனது.

"எடுக்காதீங்க, அத்தை."

முணுமுணுப்பு நின்றது. டிரைவரின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. கண்ணாடி வழியே காலியக்காவை ஒரு பார்வை பார்த்தாள். யார் வாயில் மருந்தடிக்கச் சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வண்டியை நிறுத்தாத," என்றாள் காலியக்கா. போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. படியேறி வந்த மூச்சு.

"அம்மா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எதிர்வீட்டம்மா சொல்றாங்க, பூச்சி மருந்து அடிக்கிறவங்க வந்து அவளைக் கீழ கூட்டிட்டுப் போனாங்களாம். கீழ யாரும் இல்ல. பீரோ திறந்து கிடக்கு. அவ செருப்பு மட்டும் வாசல்ல இருக்கு."

அழுகிறானா, சிரிக்கிறானா என்று பெற்றவளுக்கே தெரியாத ஒரு குரல் அது.

"அந்த யோசனை நான் உனக்குச் சொல்லிக் குடுத்ததும்மா."